சுவக்கின் வீட்டு நேரம்

கலஹாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான பள்ளத்து லயத்தில் சுவக்கின் வீட்டாருக்குக் கோழிக் குடும்பம் என்று பெயர். கோழி கூட்டுக்குள் போகிற நேரத்தில் அந்த வீட்டிலும் ஆள் சாய்ந்துவிடும். சுவக்கினின் அப்பன் அப்படி, அப்பனுடைய அக்காமார் இரண்டு பேரும் அப்படி. கல்யாண வீட்டுப் பந்தியில் சோறு வருவதற்குள் இலைக்கு முன்னால் குந்தியபடியே தூங்கிப்போவார்கள். வேதக்காரர்கள்தான், ஆனால் நத்தார் நடுச்சாமப் பூசைக்கு அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு ஆள் வந்ததாகச் சரித்திரம் இல்லை. "ஏசு பொறந்தத இவங்க ஒருத்தரும் நேர்ல பாத்ததில்ல" என்று பக்கத்து வீட்டு மருதாயி சொல்லிச் சிரிப்பாள்.

அதே ஆட்கள், ஊரே அடித்துப் போட்டதுபோல் கிடக்கிற நேரத்தில் எழும்பி, முகம் கழுவி, அடுப்பு மூட்டி, எப்போது விடியும் என்று உட்கார்ந்திருப்பார்கள். சோம்பேறி என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. ஸ்டோரில், அதாவது தேயிலை பேக்டரியில், முதல் நாள் பறித்து வாடப்போட்ட கொழுந்தை மறுநாள் விடியுமுன்பே ரோலரில் போட்டு உருட்டவேண்டும். அந்த வேலைக்குச் சுவக்கினைப்போல் தோதான உடம்பு தோட்டத்தில் வேறு இல்லை. அவன் ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை. முந்தித்தான் வருவான்.

அந்த உடம்புக்கு வாக்கப்பட்டு வந்தவள் பியட்றிஸ். கண்டி டவுன்காரி. ஐந்து மணிச் சங்கு ஊதிய பிறகுதான் உயிர் வருகிற ஊரில் பிறந்தவள். ரேடியோ, படக்கொட்டகை, வீட்டு வாசலில் நின்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவளோடு வம்பு என்று சாயங்காலத்தைச் சாயங்காலமாய் வாழ்ந்தவள். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, குளித்து, சோறாக்கி, இனிப் புருசனோடு நாலு வார்த்தை பேசலாம் என்று அவள் திரும்பும்போது புருசன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். பதினைந்து வருசம் அப்படித்தான் போனது.

பிறகு ஒரு நாள் விடியுமுன் வேலைக்குப் போன சுவக்கினைப் பாதையில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. அது நடந்து பத்து வருசம்.

இப்போது பியட்றிஸுக்குச் சீனி வியாதி. வலது கால் பெருவிரலில் ஆறாத புண்.

"இஞ்ச பாரும் பிள்ளை," என்றார் டொக்டர் பரமநாதன். கண்டி ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் அன்று கூட்டம் வாசல் வரைக்கும் நின்றது. மகள் பெற்றீசியாவைத் தவிர வேறு யாரையும் அவர் பார்க்கவில்லை. நோயாளி பியட்றிஸ் பக்கத்தில் கதிரையில் இருந்தாள். "குளிசை ஒழுங்காப் போடுறாவோ?"

"போடுறாங்க."

"சோத்தைக் குறைச்சவாவோ?"

"பாதியாக் கொறச்சிட்டாங்க."

"அப்ப இந்தச் சீனி வானத்திலயிருந்தே வருது? இது வெறுவயித்தில எடுத்த ரத்தம் எண்டு எழுதியிருக்கு. வெறுவயித்துக்கு இவ்வளவு வராது." அவர் கிளினிக் கார்டைப் பின்னோக்கிப் புரட்டினார். "ஆனா நீர் லீவில வீட்டில நிண்ட மாசங்களில மட்டும் நல்லா இறங்கியிருக்கு. நீர் போக ஏறுது. விளங்குதே? தோட்டத்து ஆக்கள் தேத்தண்ணிக்குச் சீனியை அள்ளிப் போடுறவை. நீர் நிக்கேக்க பயத்தில விட்டிடுறா போல."

"அள்ளிப் போடுற அளவுக்குத் தோட்டத்து ஆக்களுக்கு யாரு டொக்டர் சீனி குடுக்கிறாங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இருபது வருசம் கண்டியில் இருந்தும் தேயிலைச் செடியை பஸ் ஜன்னலால் மட்டும் பார்த்தவர், அவ்வளவுதான். "வாய் இருக்கு. நல்லது. என்ன படிச்சனீர்?"

"உயிரியல். பேராதெனியாவில இப்ப டெமொன்ஸ்ட்ரேட்டரா இருக்கேன். டெம்பரரி."

"ஓ. அப்ப உமக்கு நேராச் சொல்லலாம். விரல் கறுக்கத் தொடங்கீட்டுது. அடுத்த கிளினிக்குக்கு வரேக்கையும் சீனி இப்பிடியே நிண்டா விரலோட நிக்காது. கால் போகும்."

பியட்றிஸ் சேலைக் கரையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். யாரோ வேறொருத்தியின் காலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுபோல் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பெற்றீசியா சொன்னாள்: "நாளைக்கே குண்டசாலைக்கு வந்துருங்க. ரூம் எடுத்திருக்கேன். எத்தன வீட்டுல 'தெமளத?', தமிழாளான்னு கேட்டுக் கதவச் சாத்துனாங்கன்னு தெரியுமா? இந்த ஒரு வீட்டுக்காரிதான் சரின்னா. நான் பக்கத்துல இருந்து பாத்தா சீனி எறங்குதுல்ல? டொக்டரே சொல்றாரு."

"நான் வரல."

"கால் போயிரும்மா!"

"போனாப் போகட்டும். அவரு வந்தா லயத்துக்குத்தான் வருவாரு. குண்டசாலைக்கு வழி தெரியுமா அவருக்கு?"

பெற்றீசியாவுக்கு வாயில் பதில் வந்தது. பஸ்ஸில் ஆட்கள் இருந்ததால் விழுங்கினாள். விழுங்கிய கையோடு அவளுக்குக் கண் சொக்கியது. பொழுது சாய்கிறதே. அவளும் சுவக்கின் வீட்டுப் பெண்தானே.

பேராதெனியாப் பாலத்தடியில் எல்லோரையும் இறக்கினார்கள். போன ஐப்பசியில் மலைநாட்டில் கலவரம் எரிந்து அடங்கியதிலிருந்து கலஹா பஸ் என்றால் ஒரு முறைக்கு இரண்டு முறை சோதனை. ஆமிக்காரன் ஒருவன் அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்தான், தள்ளாடிக்கொண்டு நிற்கிற அவளைப் பார்த்தான். இந்நேரத்தில் என்ன தூக்கம், ஏதாவது குடித்திருக்கிறாயா என்று சிங்களத்தில் கேட்டான். அவள் சிங்களத்திலேயே, எங்கள் பரம்பரையே அப்படி என்றாள். அவன் பின்னால் நின்றவனிடம் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அப்பனை இந்நேரத்தில் ஏன் முழித்திருக்கிறாய் என்று கேட்டுக் கொண்டுபோனார்கள். மகளை இந்நேரத்தில் ஏன் தூங்குகிறாய் என்று கேட்கிறார்கள். இந்த நாட்டில் தமிழன் கண்ணை மூடவும் திறக்கவும் இவனுகளிடம்தான் நேரம் கேட்கவேண்டும். அதை அவள் சொல்லவில்லை. அட்டையை வாங்கிக்கொண்டு ஏறி, அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

மறுநாள் ஞாயிறு. வழக்கம்போல் இருட்டிலேயே விழிப்பு வந்து, அடுப்பு மூட்டித் தேத்தண்ணி குடித்துவிட்டு இருந்தாள் பெற்றீசியா. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி அசையாமல் தூங்கினாள். நல்லாத்தான் தூங்குகிறாள், பிறகு ஏன் இந்தச் சீனி என்று மகளுக்கு விளங்கவில்லை. விடிந்து வெளிச்சம் வந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். மூங்கில் பீலியில் தண்ணீர் விழுகிற இடத்தில் மருதாயி குடத்தை வைத்துவிட்டு நின்றாள்.

"வாங்க, வாங்க, டிகிரி! நேத்தே வந்துட்டியா? அதான பாத்தேன், சாமத்துல ரொட்டி வாசத்தக் காணோமேன்னு."

"என்ன ரொட்டி வாசம், அத்தை?"

"நீ இல்லாத நாள்ல ஒங்கம்மா சுடுறா இல்ல? சாமம் திரும்புனா போதும், தட்டுற சத்தம் செவரத் தாண்டி வரும். படுத்துக்கிட்டே கேப்பேன். எப்பவும் ரெண்டு ரொட்டி. ஒத்தப் பொம்பளைக்கு எதுக்குடி ரெண்டு?"

பெற்றீசியா வாளியைக் கீழே வைத்தாள். "என்ன சொல்ல வாறீங்க?"

"நான் ஒண்ணுஞ் சொல்லல தாயி. லயம் சொல்லுது. கறுப்பையா கங்காணி பொண்டாட்டி வெளிய போக எந்திரிச்சப்பப் பாத்தாளாம். ஒங்க வீட்டுக் கதவு தொறந்திருக்காம், உள்ள விளக்கு எரியுதாம், ரெண்டு கோப்பை வச்சிருக்காம். எவனோ ஒருத்தன் வந்து திங்கிறான்னு அவ பேச்சு." மருதாயி குடத்தை இடுப்புக்கு ஏற்றினாள். "இந்த வயசுல அக்காவுக்கு அப்பிடி ஒருத்தன் மழையில நனஞ்சு வாறான்னா நான் அக்காளத்தான் மெச்சிக்குவேன். எங்க வீட்டுது மழை தூறுனா கக்கூசுக்கே போகாது."

பெற்றீசியா சிரிக்கவில்லை. மருதாயியின் முகம் மாறியது. "கோவிச்சுக்காத புள்ள. பேசுறத சொன்னேன். யாரும் வரலன்னு எனக்குத் தெரியும். வந்தா நடக்குற சத்தம் கேக்காதா?"

வீட்டுக்குள் பியட்றிஸ் அடுப்படியில் உட்கார்ந்து புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே தூறல் தொடங்கித் தகரத்தில் பொரிந்தது.

"யாருக்கும்மா ரொட்டி?"

பியட்றிஸ் துணியைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். "மருதாயி சொன்னாளா?"

"யாரு சொன்னா என்ன? ரெண்டு ரொட்டி. யாருக்கு?"

"ஒண்ணு அவருக்கு. ஒண்ணு எனக்கு."

"அவரு வந்து திங்கிறாரா?"

"திங்காட்டி? நல்ல கோதும மாவு. வீசச் சொல்றியா? நாந்தான் திங்கிறேன்."

"ரெண்டையும்?"

"ரெண்டையும்."

"தேத்தண்ணி?"

"அவருக்குச் சீனி போட்டு. எனக்குப் போடாம. டொக்டரு போடக் கூடாதுன்னாருல்ல."

"ரெண்டு கோப்பையும் நீங்கதான் குடிக்கிறீங்க."

"ஆமா."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு நிமிசம். பெற்றீசியா இரண்டையும் விட்டுவிட்டுக் கத்தினாள்.

"வெறுவயிறுன்னு சொல்லி ரத்தம் குடுத்தீங்களேம்மா! சாமத்துல ரெண்டு ரொட்டியும் சீனித் தேத்தண்ணியும் குடிச்சிட்டு!"

"அது ராத்திரிக் கணக்கு தானே. விடிஞ்சு ஒண்ணும் திங்கல."

அங்கேதான் இருந்தது முழுப் பிழையும். தப்பு அடித்துப் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, கூப்பிடுகிறபோதுதான் தோட்டத்துக்கு நாள் தொடங்கும். அதற்கு முன் தின்றது எல்லாம் முந்திய நாள் கணக்கு. டொக்டர் கேட்டது வேறு, இவள் விளங்கியது வேறு. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

பெற்றீசியா குந்தினாள். அம்மாவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கட்டை அவளே சுற்றினாள். கோபம் போகவில்லை, குரலை மட்டும் இறக்கினாள்.

"அம்மா, நிறுவை முடிஞ்ச பொறகு கொழுந்து கொண்டு போனா கணக்கப்பிள்ள நிறுப்பாரா?"

"எங்க நிறுக்க? தராசக் கழட்டிட்டுப் போயிருவாரே."

"அப்ப கொழுந்து?"

"கூடையோட வெளிய கெடந்து அவிஞ்சு போகும்."

"ஒடம்பும் அப்பிடித்தான். ஈரலுக்கு ஒரு நேரம், கணையத்துக்கு ஒரு நேரம் இருக்கு. ஒவ்வொரு சின்னத் துண்டுக்குள்ளயும் ஒரு மணிக்கூடு ஓடுது. இருட்டிட்டா, இன்னிக்கு இனி சாப்பாடு வராதுன்னு தராசக் கழட்டிருது. நீங்க அந்நேரம் போய் ரெண்டு ரொட்டியக் கொட்டுறீங்க. நிறுக்க ஆள் இல்ல. சீனி ரத்தத்துலயே கெடக்கு, அவிஞ்ச கொழுந்தாட்டம். அதுதான் ஒங்க வெரல்ல நிக்குது. தூக்கமும் இல்ல, அதனால இன்னும் மோசம்."

பியட்றிஸ் யோசித்தாள். "அப்ப அவரு? அவருந்தான அந்நேரம் தின்னாரு. அவருக்கு ஒரு வியாதியும் வரல."

"அவருக்கு அந்நேரமே விடிஞ்சிரும்மா. அவரு தராசு அந்நேரம் கட்டியாச்சு. எனக்கும் அப்பிடித்தான். அது ரத்தத்துல வாறது."

அதைச் சொல்லிவிட்டு, கட்டில் போட்ட முடிச்சையே அவிழ்த்துத் திரும்பவும் போட்டாள். காரணம் இருந்தது.

அப்பாவைக் கொண்டுபோன அன்று அவளுக்குப் பதினாலு வயசு. அவளும் முழித்துத்தான் இருந்தாள். கதவில் நின்று பார்த்தாள். அப்பாவின் டோர்ச் வெளிச்சம் சரிவில் ஆடி ஆடி இறங்கியது. வளைவில் நின்றது. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு வெளிச்சம் வந்தது. ஒரு ஜீப் கிளம்புகிற சத்தம். பிறகு மூன்று வெளிச்சமும் இல்லை. அந்தக் கிழமை எங்கேயோ மின்கம்பத்துக்கு யாரோ குண்டு வைத்திருந்தார்களாம். இருட்டில் டோர்ச்சோடு நடக்கிற தமிழன் அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

பொலிசில் போய்ச் சொன்னாள். ஜீப் வந்தது, நான் பார்த்தேன் என்றாள். எழுதிக்கொண்டிருந்தவன் பேனையை வைத்துவிட்டு, அந்நேரத்தில் பிள்ளைகள் தூங்கும், இதை உனக்கு யார் சொல்லித் தந்தது என்றான். நான் முழிச்சிருந்தேன் என்றாள். நாலு வருசம் கழித்துக் கண்டியில் ஒரு மண்டபத்தில், காணாமல்போனவர்களைப் பற்றிப் பெரிய விசாரணை நடந்தது. மேலே காற்றாடி சுற்ற, டை கட்டிய மனிதர் ஒருவர் அவளிடம் ஆங்கிலத்தில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்: "பதினான்கு வயதுப் பிள்ளை அந்த நேரத்தில் ஏன் விழித்திருந்தாய்? பேய் பார்க்கவா?" மண்டபம் சிரித்தது. பிள்ளையின் சாட்சி நம்பத்தக்கதல்ல என்று முடித்துவிட்டார்கள். சுவக்கின் வேலைக்குப் போகும் வழியில் எங்கோ ஓடிப்போனவன் ஆனான்.

அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு தீ. அந்தத் தீயில்தான், கண்டியில் கன்னியாஸ்திரிகளின் போர்டிங்கில் தங்கிப் படித்தாள். அந்தத் தோட்டத்திலிருந்து கம்பசுக்குப் போன முதல் ஆள் அவள்தான். மற்றப் பிள்ளைகள் இரவிரவாகப் படிக்க, இவள் விளக்கு வைத்ததும் விழுந்து தூங்குவாள். கம்பஸ் விடுதியில் கூட இருந்த அக்குறணைப் பிள்ளை ருக்கியா மட்டும் கேலி செய்யவில்லை. "ஒனக்கென்ன பெற்றீசியா, சாமத்துத் தொழுகைக்கு, தஹஜ்ஜத்துக்கு, அலாரமே தேவல்ல. எங்கட உம்மா கேள்விப்பட்டா ஒன்ன மருமகளாக் கேட்டு வந்துருவா" என்பாள். அந்த ருக்கியாதான் இந்த வருசம் லைப்ரரியில் அந்தச் சஞ்சிகையை விரித்துக் காட்டி, "இங்க பாரு, ஒங்கட குடும்பத்தப் பத்திப் போட்டீக்கி" என்றாள்.

அமெரிக்காவில் ஒரு குடும்பம். தலைமுறை தலைமுறையாகப் பொழுதோடு தூங்கி இருட்டில் எழும்புகிறவர்கள். அவர்களுடைய ரத்தத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். உடம்பின் மணிக்கூட்டை ஓட்டுகிற மரபணுக்களில் ஒன்றில், ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. நாள் முழுக்கச் சேர்ந்து, பிறகு கரைந்து, திரும்பவும் சேர்கிற ஒரு புரதம் அவர்களுக்கு அவசரமாய்க் கரைந்துவிடுகிறது. அதனால் அவர்களுடைய நாள் முந்தித் தொடங்குகிறது, முந்தி முடிகிறது. சோம்பலும் இல்லை, பேயும் இல்லை.

பெற்றீசியா அந்தப் பக்கத்தின்மேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். ருக்கியாவுக்கு ஏன் என்று விளங்கவில்லை. நான் முழிச்சிருந்தேன், முழிச்சிருந்தேன், என் ரத்தத்திலேயே எழுதியிருக்கிறது, நீங்கதான்டா வாசிக்கத் தெரியாதவனுங்க. இதை அந்த மண்டபத்தில் போய்ச் சொல்ல முடியாது. மண்டபத்தில் இப்போது கல்யாணம் நடக்கும்.

"ரத்தத்துல வாறதுன்னா," என்றாள் பியட்றிஸ், "அது எனக்கு வராதா? இத்தன வருசமா எந்திரிக்கிறேனே. பழகியிருக்காதா?"

"பழகாதும்மா. எந்திரிக்கலாம். உள்ள இருக்கிறது எந்திரிக்காது."

"அதான் நான் எவ்வளவு முழிச்சிருந்தும் அவரு நேரம் எனக்குப் புடிபட மாட்டேங்குது."

"செத்துட்டாரும்மா." கடைசியில் சொல்லியே விட்டாள். "பத்து வருசம். எத்தன எடத்துல தோண்டி எடுக்கிறாங்கன்னு பேப்பர்ல பாக்கல? அவரு வரமாட்டாரு. வராத ஆளுக்கு ரொட்டி சுட்டு நீங்க ஒரு காலக் குடுக்கப் போறீங்களா?"

பியட்றிஸ் மடியிலிருந்து காலை இழுத்துக்கொண்டாள். "நீ என்னடி கண்ட? நீ கண்டது டோர்ச்சு அணைஞ்சத. ஆளு அணைஞ்சதக் கண்டியா?"

மழை பலத்தது. பக்கத்து வீட்டில் மருதாயி யாரையோ ஏசுகிற சத்தம் கேட்டு அடங்கியது. பியட்றிஸ் பேசத் தொடங்கியபோது குரலில் சண்டை இல்லை.

"ஒனக்கு விளங்காது புள்ள. எனக்குச் சாயங்காலமானாப் பேசணும். கொழுந்து மலையில கங்காணி என்ன சொன்னான், யாரு யாரோட சண்ட, எல்லாம் சேத்து வச்சிக்கிட்டு வருவேன். சட்டியக் கழுவிக்கிட்டே சொல்லுவேன். திரும்பிப் பாத்தா ஆளு தூங்கியிருக்கும். விடிஞ்சு நான் எந்திரிச்சா ஆளு இருக்காது. ரொட்டி மூடி வச்சிருக்கும், தேத்தண்ணி மூடி வச்சிருக்கும். இந்த ஒத்த அறைக் காம்பராவுல ரெண்டு ஷிப்டு மாதிரிக் குடும்பம் நடத்துனோம். முழிச்சிருக்க சுவக்கின நான் பாத்ததே கொஞ்சம். அந்த நேரத்துல அவரு எப்பிடி இருந்தாரு? என்ன செஞ்சாரு? பொண்டாட்டி எனக்குத் தெரியாது. வாராரோ வரலையோ, அந்த நேரத்துல போய் ஒக்காந்தா அவரு இருந்த எடத்துல இருக்க மாதிரி இருக்கு. அவ்வளவுதான்."

பெற்றீசியா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பாவும் இந்தப் பக்கம் அவளுமாக இருந்த விடியல்கள் எத்தனை! ஊரெல்லாம் தூங்க, அப்பனும் மகளும் மட்டும் முழித்திருந்த வீடு. அது தன்னுடைய சொத்து என்றே அவள் நினைத்திருந்தாள். யாரும் கேட்டதும் இல்லை, அவள் யாருக்கும் கொடுத்ததும் இல்லை. அம்மா பத்து வருசமாக இருட்டில் தடவித் தேடியது அவளுடைய பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

"நான் அவரோட இருந்திருக்கேம்மா," என்றாள்.

"எப்ப?"

"தினம். அவரு எந்திரிச்சா நானும் எந்திரிச்சிருவேன். தேயில கவ்வாத்துல வெட்டுன குச்சிய ஒடிச்சு அடுப்பு மூட்டுவாரு. சத்தம் வராம, துணிக்குள்ள வச்சு ஒடிப்பாரு. நீங்க முழிச்சிருவீங்கன்னு."

பியட்றிஸ் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொறகு ஒங்க படங்க எடுப்பாரு. கொழுந்துக்குப் போறப்ப இடுப்புல கட்டுவீங்களே, அந்தப் படங்கு. முந்தின நாள் மழையில ஊறிப்போய் இருக்கும். ரெண்டு கையாலயும் விரிச்சுப் புடிச்சுக்கிட்டு நெருப்புக்கு மேல காட்டுவாரு. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். ரொட்டி திருப்புற மாதிரி. கை நொந்தா என்கிட்ட ஒரு முனையக் குடுப்பாரு. காஞ்சதும் மடிச்சு அடுப்பு மேட்டுல வைப்பாரு."

"சூடா இருக்கும்," என்றாள் பியட்றிஸ். "நான் எந்திரிச்சு எடுக்கிறப்ப எப்பவும் சூடா இருக்கும். அடுப்புச் சூட்டுல தானாக் காயுதுன்னு நெனச்சேன். அவரு போன பொறகு ஒரு நாளும் அது காயல. பொகைக்கூடு அடைச்சிருச்சின்னு நெனச்சேன்."

"அப்புறம் என்கிட்ட கேப்பாரு. 'நேத்து ஒங்கம்மா என்னமோ சொல்லிக்கிட்டிருந்தாளே, பாதியில கண்ணு சொக்கிருச்சு, மிச்சத்தச் சொல்லு புள்ள'ம்பாரு. நான் 'எனக்குந் தெரியாதுப்பா, நானுந் தூங்கிட்டேன்'ம்பேன். 'சரிதான், ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டோம். இன்னிக்கு அவ கேட்டா ஆமாம், ஆமாம்னு தலைய ஆட்டிருவோம்'ம்பாரு."

பியட்றிஸுக்குச் சிரிப்பு வந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கினாள். தோள் குலுங்கியது. அது சிரிப்பாக இருந்தது கொஞ்ச நேரந்தான்.

"ஆமாம் ஆமாம்னு ஆட்டுவாருடி," என்றாள் விக்கலுக்கு நடுவே. "என்ன கேட்டாலும் ஆட்டுவாரு. கள்ளன்."

வெகு நேரம் கழித்து மகள் கேட்டாள்: "நான் வீட்டுல இருந்தா ஏன் நீங்க எந்திரிக்கிறதில்ல?"

"நீ குச்சி ஒடிக்கிற சத்தம் கேக்கும். அவரு மாதிரியே நடக்கிற. சரி, முழிச்சிருக்க ஆள் இருக்குன்னு தோணும். அப்பிடியே தூங்கிருவேன். பத்து வருசத்துல நான் தூங்குன தூக்கமெல்லாம் நீ லீவுல வந்தப்பத் தூங்குனதுதான்."

அந்த லயத்தை விட்டு ஓடத்தான் பெற்றீசியா படித்தாள். ஒழுகுகிற தகரம், கக்கூசுக்கு வரிசை, கங்காணி பொண்டாட்டியின் வாய் எல்லாவற்றையும் விட்டு. குண்டசாலை ரூமின் சாவி அவளுடைய பைக்குள் இருந்தது. ஒரு ஜன்னல், ஒரு மேசை, உள்ளேயே தண்ணீர்க் குழாய். அந்தக் குழாயை இரண்டு முறை சும்மா திறந்து மூடிப் பார்த்திருந்தாள்.

அடுத்த கிழமை சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். வீட்டுக்காரி ஏன் என்று கேட்டதற்கு, அம்மாவுக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்றாள். அவளுக்கு அது விளங்கியிருக்காது.

விரலைக் காப்பாற்ற முடியவில்லை. பெருவிரலை எடுத்தார்கள். அதோடு நின்றது. டொக்டர் பரமநாதன் கார்டைப் பார்த்துவிட்டு, "என்ன மாயம் செய்தனீர்?" என்றார். "நேரத்துக்குத் தூங்கிறாங்க" என்றாள். "அவ்வளவோ?" என்றார். அவ்வளவுதான் என்றாள். முழுக்கச் சொன்னால் அவருக்குப் பின்னேரம் ஆகிவிடும்.

இப்போதெல்லாம் பெற்றீசியா முதல் பஸ்ஸுக்குப் போய், இருட்டுகிற நேரம் பஸ்ஸிலேயே தூங்கி வழிந்துகொண்டு வருகிறாள். கண்டக்டர் தட்டி எழுப்பி இறக்கிவிடுகிறான். வந்ததும் அம்மா சட்டியைக் கழுவிக்கொண்டே பேசத் தொடங்குவாள். பாதியில் இவளுக்குக் கண் சொக்கும். "மிச்சத்த நாளைக்குக் கேக்கிறேம்மா" என்பாள். "கேப்ப, கேப்ப. அப்பன் மகதானே" என்பாள் பியட்றிஸ்.

மார்கழியில் ஒரு நாள். வெளியே பனி, முற்றம் தெரியாத இருட்டு. பெற்றீசியா குச்சியைத் துணிக்குள் வைத்து ஒடித்து அடுப்பை மூட்டினாள். அம்மாவின் கம்பளியை இரண்டு கையாலும் விரித்து நெருப்புக்கு மேல் காட்டினாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மெல்லக் கொண்டுபோய் அம்மாவின் முதுகோடு போர்த்திவிட்டாள். மாவைப் பிசைந்து தட்டினாள். தட்டி முடித்த பிறகுதான் பார்த்தாள், இரண்டு ரொட்டி தட்டியிருந்தாள்.

ஒன்றைத் தின்றாள். மற்றதை மூடி வைத்தாள். அம்மா விடிந்து எழும்பி அவளுடைய நேரத்தில் தின்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து, நிலையில் சாய்ந்து நின்றாள்.

வளைவில் ஒரு டோர்ச் வெளிச்சம் வந்தது.

ஒன்றுதான். ஆடி ஆடி, ஈரக் கல்லில் தடவித் தடவி, மேலே ஏறி வந்தது. செத்துட்டாரு என்று பெற்ற தாயின் முகத்துக்கு நேரே சொன்னவள் நிலையிலிருந்து கையை எடுத்தாள். எப்போது படி இறங்கினாள் என்று தெரியாது. பனியில் வெறுங்காலோடு முற்றத்தில் நின்றாள். வெளிச்சம் பீலி வரைக்கும் வந்தது. அங்கே நின்றது. பிறகு திரும்பி ஸ்டோர்ப் பாதையில் இறங்கி, தேயிலைக்குள் சின்னதாகிச் சின்னதாகிப் போனது.

"யாரு புள்ள?" உள்ளே இருந்து தூக்கத்தோடு அம்மாவின் குரல்.

"ரோலர்க்காரரும்மா. ஸ்டோருக்குப் போறாரு."

கம்பளியை இழுத்துப் போர்த்துகிற சத்தம். பிறகு, பாதி தூக்கத்தில், ஒரு சின்னப் பிள்ளை கேட்பதுபோல்:

"நீ முழிச்சிருக்கியா?"

"முழிச்சிருக்கேன்," என்றாள் பெற்றீசியா. "நீங்க தூங்குங்க."